ஓடை எங்கள் கொல்லைக்கு வந்த வழி

அன்று காலை கொல்லைக் கதவைத் திறந்தபோது, என் துவைகல்லின் மேல் ஒரு பாக்குமட்டைத் தட்டு உட்கார்ந்திருந்தது. அதில் இரண்டு பருக்கை புளிசாதம்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்லைச் சுற்றிலும் செம்மண் கரைத்த நிறத்தில் தண்ணீர். கறிவேப்பிலைச் செடி பாதி முழுகி நின்றது. காகிதக் கப்புகள், பிழிந்த எலுமிச்சை மூடிகள், பூ உதிர்ந்த மாலை நார், யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாம் சாவகாசமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. கற்பூர வாசனையும் ஊசிப்போன சாதத்தின் வாசனையும் சேர்ந்து அடித்தது.

இரவெல்லாம் மழைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மழை புளிசாதம் கொண்டுவராது. இது ஓடைத் தண்ணீர். மலையிலிருந்து இறங்கி, கிரிவலப் பாதையைக் கடந்து, பௌர்ணமிக் கூட்டம் விட்டுப்போனதை எல்லாம் வாரிக்கொண்டு வந்திருந்தது. அது எங்கள் பக்கம் வர வேண்டிய ஓடையே இல்லை.

"யாரோ திருப்பி விட்டிருக்காங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "மழ ஜாஸ்தி. வந்துடுச்சு. வடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அறுந்த கம்பியோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய மனிதருக்கு, எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நான் அப்படி இல்லை. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். தேர்வு அறையில் ஒரு பையன் தும்மினால்கூட, எந்தக் கேள்விக்காகத் தும்முகிறான் என்று யோசிப்பேன்.

சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். உட்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, மழையும் பாக்கி இருக்கிறது. இப்படியே இரண்டு மழை வந்தால் அஸ்திவாரம் என்ன ஆகும்?

சந்தேகப்பட ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

ஜேசிபி வந்த தோட்டம்

பாஷா பாய்க்கு டவுனில் மெத்தை தைக்கிற கடை. அவர்கள் குடும்பம் எங்களுக்கு எல்லாம் முந்தி இந்த ஊரில் இருக்கிறது. அடி அண்ணாமலையை ஒட்டி எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கொய்யாத் தோட்டம் அவருடையது. அதில் ஒரு கிணறு. ஓடையில் தண்ணீர் வந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் கொய்யா காய்க்கும். அவ்வளவுதான் அந்தத் தோட்டத்தின் கணக்கு.

அந்தத் தோட்டத்துக்குள் ஆடி மாதமோ ஆவணியோ ஒரு ஜேசிபி போனதை நான் பார்த்தேன். பட்டுப்போன மாமரத்தின் வேரைத் தோண்டுவதற்கு என்றார்கள். ஒரு வேரைத் தோண்ட எதற்கு ஜேசிபி? அன்றே மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

நான் புடவை மாற்றிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புவதற்குள் அவரே எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சிக்கக் கூடாது."

"கேளுங்க பாய். நானும் ஒண்ணு கேக்கணும்."

"இவ்ளோ மழ பேஞ்சிருக்குது, என் கெணத்துல ஒரு சாண் ஏறல. ஓட காஞ்சி கெடக்குது. தண்ணி மொத்தமும் உங்க பக்கம் வந்திருக்குதுன்றாங்க. நீங்க எதனா மண்ணு கிண்ணு வெட்டி வுட்டீங்களா?"

 நான் கேட்க வேண்டியதை அவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்.

"நான் வெட்டினேனா? கொல்லையில செருப்பு மிதக்குது பாய். அதுக்கு ஆசைப்பட்டு வெட்டுவேனா? உங்க தோட்டத்துக்குத்தானே ஜேசிபி வந்துச்சு?"

"அது மாமரத்துக்கு வந்ததும்மா!"

"ஓடைக்கும் கொஞ்சம் கை நீட்டியிருக்கும்."

"எங்கெணத்த நானே காயப் போடுவேனா? சொல்லுங்க."

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் சந்தேகம் கூடியது. இதற்குள் என் வீட்டுக்காரர் பாய்க்கு ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். மாலையில் டவுனுக்குப் போனால் இவர் பாய் கடையில்தான் உட்காருவார். இரண்டு பேரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை.

"ஓடை வழியாவே நடந்து போய்ப் பாத்துடலாம். எங்க திரும்பியிருக்குன்னு தெரிஞ்சிடும். யார் திருப்பினதுன்னும் தெரிஞ்சிடும்" என்றேன்.

"நானும் வர்றேன்" என்றார் பாய் உடனே. என்னைத் தனியாக அனுப்பினால் தடயத்தை அழித்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"இப்ப எதுக்கு? சேறா கெடக்கும். திரும்ப மழ வரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

மூன்று பெயர்கள்

வெளியூர் வாசகர்களுக்கு இந்த ஓடையைச் சொல்லிவிட வேண்டும்.

மலையின் மேற்குச் சரிவில், இரண்டு பாறைகள் தோளோடு தோள் இடிக்கிற இடத்தில் இது தொடங்குகிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கே தண்ணீர் இருக்காது. கறுப்பாக ஒரு தடம் மட்டும் இருக்கும். மழை பிடித்தால் அந்தத் தடம் பளபளக்கும், அப்புறம் சத்தம் கேட்கும். முள்ளுக்காட்டுக்குள் புகுந்து இறங்கி, கிரிவலப் பாதைக்கு அடியில் ஒரு சிறுபாலம் வழியாக இந்தப் பக்கம் வரும்.

பாதையைத் தாண்டியதும் புளியமரங்கள். அங்கே தரை தட்டை. அதுவரை அவசரமாக ஓடிவந்த ஓடை அங்கே அகலமாகப் படுத்துக்கொள்ளும். அந்தப் படுகையின் முடிவில் தவளை மாதிரி குந்திக்கொண்டு ஒரு பாறை இருக்கிறது. அங்கேதான் பிரிவு. இடது பக்கம் போகிற பெரிய வாய்க்கால் பாயின் தோட்டத்தை ஒட்டிப் போய் ஏரியில் விழும். வலது பக்கம் இருப்பது வெறும் சிறு பள்ளம். பெருமழையில் வழிகிற மிச்சம் மட்டும் அதில் போகும். அந்தப் பள்ளம்தான் எங்கள் தெருவுக்குப் பின்னால் வருகிறது.

மேலே இதற்குப் புளியடி ஓடை என்று பெயர். நடுவில் சாயபு ஓடை. எங்கள் தெருக்காரர்களுக்கு இது வெறும் கால்வாய். மூன்று பெயர் வைத்திருக்கிற மனிதனை நம்புவோமா? ஓடையை மட்டும் எப்படி நம்புவது?

ஆனால் என் அப்பா நம்பினார். எங்கள் மனையை வாங்குவதற்கு முன், நல்ல மழையாகப் பார்த்துக் குடையோடு வந்து காலையிலிருந்து மழை விடும்வரை அங்கேயே நின்றார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். "இங்க தண்ணி வராதும்மா. தைரியமா கட்டு" என்றார். மனையை என் பெயரில் எழுதிவைத்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நின்று கொத்தனாரோடு சண்டை போட்டு வீட்டை எழுப்பினேன்.

என் வீட்டுக்காரர் அப்போது ஊர் ஊராக மாற்றலில் இருந்தார். சனிக்கிழமை வருவார். புதிதாக எழும்பிய சுவரைக் கையால் தட்டிப் பார்ப்பார். "நல்லா இருக்குது" என்பார். திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் போய்விடுவார்.

ஆக, கொல்லையில் நின்ற தண்ணீர் எனக்கு வெறும் தண்ணீர் இல்லை. அப்பாவின் வார்த்தையை யாரோ பொய்யாக்கியிருக்கிறார்கள். அந்த ஆளைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆளுக்கொரு கரை

மூன்று பேரும் கிளம்பினோம். பள்ளத்தின் இடது கரையில் பாய், வலது கரையில் நான். என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால், கையில் குடையோடு வந்தார்.

பாய் குனிந்தால் நானும் குனிந்து பார்த்தேன். நான் நின்றால் அவரும் நின்றார். ஓர் இடத்தில் நான் செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா அது டீச்சரம்மா, எதனா கெடச்சுதா?" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"சேறு பாய். வேணுமா?"

வழியில் வேறு சிலரையும் சந்தேகப்பட்டுப் பார்த்தோம். புதிதாக மனை போட்டிருந்தவர்கள் வெள்ளையடித்த கல்லைப் பள்ளத்தின் விளிம்புவரை நட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கும் பாய்க்கும் ஒரே நேரத்தில் உற்சாகம் வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் அந்தக் கற்களைத் தொடாமல்தான் வந்திருந்தது. யாரோ தங்கும் விடுதி கட்ட மணல் அள்ளிய குழி ஒன்றும் இருந்தது. அது வேறு பக்கம்.

புளியமரங்கள் கண்ணில் பட்டதும் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"எனக்கு முட்டி வலிக்குது. போதும் சுசீலா. பஞ்சாயத்துல ஆளுங்ககிட்ட சொன்னா பாத்துப்பாங்க."

முட்டி வலியா? இந்த மனிதர் பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி வருகிறவர். முழுச் சுற்றும் நடந்துவிட்டு வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். நேற்று வரை முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. பாய் ஏதோ செய்திருக்கிறார், இவருக்கு அது தெரிந்திருக்கிறது. நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் முட்டியைக் காட்டுகிறார். கட்டின வீட்டை விடக் கடை டீ பெரிதாகப் போய்விட்டது.

"நீங்க மரத்தடியில உக்காருங்க. நாங்க போறோம்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. எங்கள் பின்னாலேயே வந்தார்.

கல் வீடுகள்

புளியமரத்துப் படுகை முழுக்கக் கல் வீடுகள்.

கிரிவலம் வருகிறவர்களில் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வழியில் கல்லின் மேல் கல்லாக அடுக்கிவைத்துவிட்டுப் போவார்கள். மூன்று கல் வைத்தால் ஒரு வீடு. கொஞ்சம் பொறுமை இருந்தால் மாடி. அங்கே ஒருவர் கார் நிறுத்த இடம்கூட விட்டிருந்தார். இன்னொருவர் சுற்றுச்சுவர் எழுப்பிக் கேட்டுக்கு இடைவெளி வைத்திருந்தார். கோடை முழுவதும் காய்ந்து கிடந்த படுகையில், கை எட்டும் தூரத்தில் கூழாங்கல் கிடைத்தால் யார்தான் சும்மா போவார்கள்?

தவளைப் பாறையின் இடது பக்கம் போய்ப் பார்த்தோம். பெரிய வாய்க்காலின் வாய் அடைந்திருந்தது. கல் வீடுகளின் இடுக்குகளில் பாக்குமட்டைத் தட்டுகள் சிக்கி, அவற்றின் மேல் வாழையிலையும் கப்பும் சேர்ந்து, அதன் மேல் சேறு படிந்து, பார்வைக்கு ஒரு சின்ன ஏரிக்கரை போலவே இருந்தது. மழை விட்டும் மலையிலிருந்து கசிந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் அதில் முட்டி, வலது பக்கம் திரும்பி, எங்கள் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை ஆயிரம் பேரை நான் எப்படிச் சந்தேகப்படுவது? சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்களை எங்கே போய்க் கேட்பது?

பாய் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, இங்க வாங்க. சின்னக் கல்லு எல்லாம் மொத தண்ணியிலயே அடிச்சிக்கினு போயிருக்கும். இது நின்னதாலதான் மத்தது எல்லாம் நின்னுருக்குது. இத பாருங்க."

சேற்றைக் கையால் விலக்கினேன். வாய்க்காலின் வாயிலேயே, மற்றவற்றைப் போல இல்லாமல், ஒரு கல் வீடு. தேர்ந்தெடுத்த பட்டைக் கற்கள். அடியில் பெரியது, மேலே போகப் போகச் சிறியது. மூலையில் கல்லோடு கல் பூட்டுப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. இடுக்கெல்லாம் களிமண் அப்பிக் கெட்டியாக்கியிருந்தார்கள். மேலே ஒரே பலகைக்கல்லில் கூரை. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

"இது வழியில போறவங்க ரெண்டு நிமிஷத்துல வச்சது இல்ல" என்றார் பாய். "தெரிஞ்சவன் வேல."

எனக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. கிடைத்துவிட்டான்! "இது வேண்டுதலே இல்ல பாய். அணை. வேணும்னே வாய்க்காலை அடைச்சிருக்கான். பிரிச்சிப் பாத்தா யாருன்னு தெரிஞ்சிடும்."

கூரைக் கல்லில் கை வைத்தேன்.

"அத வுடு, சுசீலா."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர். குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏன்?"

"வேற எதனா எடு. அது வேணாம்."

"ஏன்னு கேக்குறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார். "அது நான் வச்சது."

பாய் மெல்ல நிமிர்ந்தார். மலையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு, நான்கைந்து மரம் தள்ளிப் போய்விட்டார்.

"நீங்களா? எதுக்கு?"

"எல்லாரும் எதுக்கு வைக்கிறாங்களோ அதுக்குத்தான்."

"நமக்குத்தான் வீடு இருக்கே!"

"ஒனக்கு இருக்குது."

குரலில் கோபம் இல்லை. மீட்டர் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஒன்னக் கேட்டுட்டுத்தான் அடிக்கிறேன். தப்புன்னு சொல்லல. வூடு ஒன்னுது, கேக்கத்தான் வேணும். சின்ன வயசுல எங்க அண்ணன் வூடு. வேலைக்கு வந்தப்புறம் குவார்ட்டர்ஸ். அப்பறம் இது. பௌர்ணமிக்கு வர்றப்ப ஜனங்க அடுக்கறதப் பாத்தேன். சரி, நாமளும் வைப்போமேன்னு வச்சேன். மொத வாட்டி சின்னதா. மாடு தட்டி வுட்டுடுச்சு. அடுத்த வாட்டி கெட்டியா வச்சேன். அப்பறம் மாசாமாசம் வந்து ஒரு கல்லு, கொஞ்சம் மண்ணு. தண்ணி இப்படித் திரும்பும்னு எனக்குத் தெரியாது. காலைல கொல்லையப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எந்த அறையை நான் இவருக்குப் பூட்டிவைத்தேன்? எந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்றேன்? ஆணி அடிக்க என்னைக் கேட்பதை நான் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வாடகைக்காரரின் கேள்வியாக இருந்திருக்கிறது. ஊரில் எல்லாரையும் நோட்டம் விட்ட நான், பக்கத்திலேயே படுத்து எழுந்தவர் மாதாமாதம் மலையைச் சுற்றி வந்து என்ன கேட்கிறார் என்று ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அது வலித்தது. பெரிதாகவே வலித்தது.

மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாய், கொஞ்சம் கை கொடுங்க. தள்ளி விட்டுடலாம்" என்று கூப்பிட்டேன்.

அவர் கிட்டே வந்தார். ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. ஜனங்க சாமிக்கு வேண்டி வச்சது. பாய் கலைச்சிட்டான்னு நாளைக்கி ஒரு பேச்சு வந்தா நான் டவுன்ல கட தொறக்க முடியாது. என் கெணறு காஞ்சாலும் பரவால்ல. நான் தொட மாட்டேன்."

அவர் சொன்னது உண்மை. யாராவது கைபேசியில் படம் பிடித்துப் போட்டால் போதும். நான் செய்யலாம். ஒரு நாழிகைக்கு முன்பென்றால் காலாலேயே தள்ளியிருப்பேன், அறிவியல் டீச்சர்தானே. இப்போது கை போகவில்லை.

என் வீட்டுக்காரர்தான் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். வாய்க்காலின் வாயில் இருந்த மற்றவர்களுடைய கற்களை முதலில் எடுத்தார். இரண்டிரண்டாகக் கொண்டுபோய், தண்ணீர் ஏறாத மேட்டில், எடுத்தபடியே திரும்ப அடுக்கினார். கார் நிறுத்தும் இடம் வைத்த வீட்டுக்கு அந்த இடத்தையும் மறக்காமல் விட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நானும் தட்டுகளையும் சேற்றையும் வாரி வெளியே போட ஆரம்பித்தேன்.

தன்னுடையதைக் கடைசியில் பிரித்தார். களிமண் இறுகியிருந்ததால் என்னிடமிருந்து குடையை வாங்கி, அதன் காம்பை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. அந்தக் கற்களை மட்டும் மேட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கரைக்கு முட்டுக்கொடுக்க வலது பள்ளத்தின் வாயில் போட்டு மிதித்தார்.

தண்ணீர் சற்று யோசித்தது. அப்புறம் இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கி, பிறகு ஒரு முழ அகலத்துக்குப் போக ஆரம்பித்தது. பாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் கூடவே தன் கிணற்றைப் பார்க்க ஓடினார். போகும்போது, "ஜேசிபி மாமரத்துக்குத்தான் வந்துச்சு, பாத்துக்குங்க!" என்று கத்திவிட்டுப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நின்றோம். இவர் குனிந்து அந்தத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் எல்லாம் களிமண்.

"அந்த வீட்டுல எத்தனை ரூம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்."

"அதுல நான் இருக்கேனா?"

அவர் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவி முடித்தார். கையை உதறினார்.

"இருக்க" என்றார். "வரும்போது கதவத் தட்டிட்டு வருவ."

யார் எதைச் சொன்னாலும் மறுபடி ஒரு தடவை கேட்டுச் சரிபார்ப்பது என் வழக்கம். இதை நான் மறுபடி கேட்கவில்லை.